ஏற்றப்படாத பயணி

வண்டி கிளம்பியதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கைதான் காரணம். ஜன்னலுக்கு வெளியே நீண்டு வண்டியின் தகரத்தில் இரண்டு முறை தட்டிய அந்தக் கை, பத்தொன்பது வருடமாக அரசுப் பேருந்தில் கண்டக்டர் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கை. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கிளம்பு. அவளுடைய ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். தென்கிழக்கே கடல் தாண்டி நாலு மணி நேரம் பறந்து வந்து இறங்கிய இந்தத் தலைநகரத்தின் டிரைவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. தெரிந்திருந்தது. மனிதர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் கியரைப் போட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

பின்படிக்கட்டில் கடைசியாகக் கூடையோடு வந்த பெண்மணி ஏறி முடித்திருந்தாள். படியில் யாரும் தொங்கவில்லை. எல்லாம் சரி. அண்ணி மட்டும் கீழே இருந்தாள்.

பஸ் நிலையத்தின் இலவசக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கைக்கொரு பாட்டிலாக, வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள் அண்ணி. வண்டி நகர்ந்ததும் ஓடி வரவில்லை. அண்ணி வாழ்க்கையில் எதற்கும் ஓடியவள் இல்லை. அப்படியே நின்று, தபால்தலை ஒட்டாமல் வந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்தாள். வண்டி திரும்பியது. அண்ணி மறைந்தாள்.

கண்டக்டர் எழுந்து நின்று கத்தினாள். தகரத்தில் ஒற்றைத் தட்டு தட்டினாள். ஓங்கி ஓங்கித் தட்டினாள். ஒற்றைத் தட்டு இந்த ஊரில் செல்லுபடியாகவில்லை போலிருக்கிறது. முன்பக்கம் சீட்டு கிழித்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்து, உட்காரும்படி கையைக் காட்டினார். அதற்குள் வண்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டது. கீழே வீடுகளின் தகரக் கூரைகளும் காயப் போட்ட துணிகளும் ஓடின. நிறுத்தம் ஏதும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

அவளுக்கு உள்ளங்கை எரிந்தது.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். தலைமைத் தபால் நிலையத்தில் முப்பத்து நாலு வருடம் கடிதம் பிரித்துப் போட்டுவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். நின்றபடியே முப்பத்து நாலு வருடம். அவள் கை பிரித்துப் போடாத ஊர் கிடையாது, போய்ப் பார்த்த ஊர் மூன்று. கண்டக்டர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியும் அதே வீட்டில்தான். சமையலறை டப்பாக்களின் வரிசை, துணி காயப் போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம், விருந்தாளி வந்தால் எந்தத் தட்டு எல்லாம் அண்ணி வைத்ததுதான் சட்டம். சண்டை என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. சண்டை வந்திருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும்.

இந்தப் பயணம் கண்டக்டருடைய யோசனை. டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மலிவு டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டது. கைப்பை ஏழு கிலோ, சாப்பாடு கிடையாது, இருக்கையைச் சாய்க்க முடியாது. ஐந்து நாள். அவள் அதைத் தனக்கென்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடம் பஸ்ஸுக்குள்ளேயே காலம் போயும், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முழு வழியும் போனதில்லை அவள். தெரியாத ஊரில், தெரியாத வழித்தடத்தில், ஏறின இடத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்துகொண்டே போக வேண்டும். யாரிடமும் சில்லறை கேட்கக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

கணவன் லேத் பட்டறைக்காரன், நல்லவன், பயந்த சுபாவம். தனியாகவா என்று ஆரம்பித்து, மூன்று நாள் சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்று சொல்லி, கடைசியில் அக்கா கூட வந்தால் போ என்றான். அண்ணி வர மாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னான். அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டாள். பாதிச் செலவையும் கொடுத்துவிட்டாள். தன்னுடைய பயணம் பாதியாக நறுக்கப்பட்டதைக் கண்டக்டர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள்.

விமானநிலையத்தில் கணவன் கடைசியாகச் சொன்னது இது: "ஒரு சின்னக் கோளாறு ஆனாலும் சரி, இனிமே இந்தப் பேச்சே வீட்டுல எடுக்கக் கூடாது." தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பான். முதலில் அக்காவிடம் பேசுவான். அக்கா சொல்வதுதான் அவனுக்கு அறிக்கை. சிக்கனத்துக்காக ஒரே ஒரு உள்ளூர் சிம் வாங்கி, அதைக் கண்டக்டரின் போனில் போட்டிருந்தார்கள். அண்ணியின் போன் விடுதி அறையில், பெட்டிக்குள், அணைந்து கிடந்தது.

இப்போது மணி பத்து இருபது. ஆறு மணிக்குள் அண்ணியைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவனுக்குப் பயந்து மட்டும் இல்லை. அறுபத்தோரு வயது மனுஷி, பாஷை தெரியாத ஊர், இடுப்பில் நாலைந்து பஸ் டிக்கெட்டுக்குப் போதுமான காசு. கண்டக்டர் தன்னைத்தானே உலுக்கி உட்காரவைத்தாள். பதறக் கூடாது. பதறுகிற பயணியை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள். முறைப்படி யோசி.

முறை என்று ஒன்று இருந்தது. ஏறாமல் விட்டுப்போன ஆளைத் தேடிப் பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போகாதே. நீ போகும்போது அவர் வந்துவிடுவார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடந்துபோய்விடுவீர்கள். விட்டுப்போனவர் அதே எண்ணுள்ள அடுத்த வண்டியில் வருவார். நீ கடைசி நிறுத்தத்தில் நில். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அம்மாக்களையும் பிள்ளைகளையும் இந்த முறையில் சேர்த்துவைத்திருக்கிறாள். போகிற இடம் கடைசி நிறுத்தம் என்பது அண்ணிக்கும் தெரியும். காலையில் அதைக் கேட்டுத்தானே அண்ணி சலித்துக்கொண்டாள்.

காலையில் நடந்தது அது. விடுதி அறையில் ஆறு கட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக. மற்ற நாலு கட்டிலிலும் முதுகுப்பைப் பெண்கள். எல்லோரும் எழுந்து போன பிறகும் அண்ணி புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். காய்ந்த ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தின்றாள். கண்டக்டர் கதவருகே செருப்போடு நின்றாள். அண்ணி நிமிராமலேயே, "இருபது வருஷமா பஸ்ஸுல சுத்தினது போதாதா? விமானம் ஏறி வந்தும் பஸ்ஸா?" என்றாள். கண்டக்டர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதில் அவள் அந்த வீட்டில் பட்டம் வாங்கியிருந்தாள்.

கடைசி நிறுத்தம் ஒரு பெரிய மண்திடல். நாலு வண்டி நின்றது. நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை. மேஜை போட்டு ஒரு நேரக்காப்பாளர் பெண் உட்கார்ந்திருந்தாள். வருகிற வண்டியின் நேரத்தைப் பெரிய நோட்டில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒரு மணி நேரத்தில் வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் கண்டக்டருக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த நாற்பத்தெட்டாம் எண் வண்டி இருபது நிமிடத்தில் வந்தது. இறங்கியவர்களை எண்ணினாள். பதினேழு பேர். அண்ணி இல்லை. அதற்கடுத்ததில் பதினொன்று. அதற்கடுத்ததில் இருபத்திரண்டு. ஒவ்வொரு முறையும் கடைசி ஆள் இறங்கிய பிறகு அவளே வண்டிக்குள் ஏறி, இருக்கைகளுக்கு இடையில் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அந்த நடையைப் பார்த்தாலே தொழில்காரி என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது. நேரக்காப்பாளர் தன் பக்கத்து ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

கண்டக்டர் போனில் அண்ணியின் படத்தைக் காட்டினாள். விரல்களை வைத்து, ஒருத்தி ஏறினாள், ஒருத்தி ஏறவில்லை என்று நடித்துக் காட்டினாள். யார் வண்டியைக் கிளப்பியது என்பதை மட்டும் நடிக்கவில்லை. நேரக்காப்பாளர் புரிந்துகொண்டு, கிளம்பிய பஸ் நிலையத்துக்குப் போன் போட்டாள். நீளமாகப் பேசினாள். வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கண்டக்டர் தங்கும் விடுதிக்கும் போன் செய்தாள். அங்கே வரவேற்பில் இருந்த பெண்ணின் ஆங்கிலமும் இவளுடைய ஆங்கிலமும் எந்த இடத்திலும் சந்திக்கவில்லை. இல்லை, வரவில்லை என்பது மட்டும் புரிந்தது. நேரக்காப்பாளர் திடலுக்கு அந்தப் பக்கம் இருந்த போலீஸ் சாவடியைக் கண்ணால் காட்டினாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இவள் கையால் சொன்னாள்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் அந்தக் கை மடியில் கிடந்தது. அதைப் பார்த்தாள்.

பழக்க தோஷம். வீட்டில் கேட்டால் அப்படித்தான் சொல்லுவாள். யாரும் நம்புவார்கள். டிப்போவில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொந்த நாத்தனாரையே வெளிநாட்டில் விட்டுட்டு வந்த கண்டக்டரம்மா என்று பெயர் வைப்பார்கள். நல்ல கதை.

ஆனால் கை தானாகத் தட்டாது. அது அவளுக்குத் தெரியும், அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கை தட்டுவதற்கு முன்னால் கண் ஒரு முறை போய்வரும். படிக்கட்டு, பின்பக்கம், தரையில் யாராவது ஓடி வருகிறார்களா. கண் சரி என்று சொன்னால்தான் கை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஓடி வந்தவர் ஒருவரையும் அவள் விட்டதில்லை. மழையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த கிழவருக்காக ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி டிரைவரிடம் திட்டு வாங்கியவள் அவள். இன்றைக்கும் கண் போயிருந்தது. நீலப் புடவை. இரண்டு பாட்டில். வருகிறாள், தேர் வருகிற மாதிரி வருகிறாள், பஸ் தனக்காக நிற்கும் என்கிற அந்த நடை. கண் எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்த பிறகுதான் கை போனது. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு நொடி இருந்தது, பாதி டிக்கெட் அகலம்கூட இருக்காது. அதற்குள் என்ன இருந்தது?

அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் என்றால் அவளுக்கு அடையாளம் தெரியும். ஒரு குளிர்ச்சியான சந்தோஷம் இருந்தது. போகட்டும் என்ற சந்தோஷம். ஐந்தாவது வண்டி வந்து புழுதி கிளப்பி நின்றது. இறங்கியது ஒன்பது பேர்.

நேரக்காப்பாளர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எழுதி முடித்த தாளை ஒரு கவரில் போட்டு, மேலே விலாசம் எழுதி, ஓட்டத்துக்குக் கிளம்பிய டிரைவரிடம் கொடுத்தாள். அந்தக் கவரைப் பார்த்ததும்தான் கண்டக்டருக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் தன் தொழிலை வைத்தே அண்ணியைத் தேடியிருக்கிறாள். விட்டுப்போன பயணி அடுத்த வண்டியில் வருவார். அண்ணி எங்கே பயணி? அண்ணி தபால். போய்ச் சேராத தபால் முன்னால் போகாது. கொஞ்ச காலம் அதே இடத்தில் காத்திருக்கும். பிறகு அனுப்பினவருக்கே திரும்பிவிடும். எத்தனை முறை சாப்பாட்டு மேஜையில் இந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறாள், உள்ளே கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.

மணி இரண்டரை. புறப்படவிருந்த வண்டியில் ஓடி ஏறினாள். நேரக்காப்பாளர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி அனுப்பிவைத்தாள்.

போக்குவரத்து நெரிசல். மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பிறகு மழை பிடித்தது. பஸ் நிலையத்தில் இறங்கும்போது மூன்றே முக்கால். குழாயடியில் யாரும் இல்லை. பெஞ்சுகளில் இல்லை. கழிப்பறை வாசலில் இல்லை. நாற்பத்தெட்டு என்று எழுதிய தூணுக்கு வந்தாள். கண் மட்டத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. ஒட்டப் பசை இல்லாமல் மூன்று ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம். அண்ணியுடையது.

தபால் நிலையத்துச் சீட்டு எழுதுகிற அதே குண்டு எழுத்து:

"காலை 10.20. பயணி ஏற்றப்படவில்லை. 11.30 வரை இங்கே காத்திருந்தேன். அறைக்குத் திரும்புகிறேன். அவசரம் இல்லை."

கண்டக்டர் அதை இரண்டு முறை படித்தாள். ஏற்றப்படவில்லை. ஏறவில்லை என்று எழுதியிருக்கலாம். விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்றுகூட எழுதியிருக்கலாம். முப்பத்து நாலு வருடம் எந்தத் தபால் ஏன் போய்ச் சேரவில்லை என்று எழுதிய கை, காரணத்தைச் சரியாகப் பதிந்திருந்தது. குற்றவாளியின் பெயரை மட்டும் எழுதவில்லை. தாளைப் பொட்டு உதிராமல் பிரித்தெடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

விடுதிக்கு ஒரே வண்டி கிடையாது. நடுவில் மாற வேண்டும். மாறினாள். மழையில் இறங்கி நடந்தாள். மூன்று மாடி ஏறி அறைக் கதவைத் திறந்தபோது ஐந்து பத்து. கீழ்க்கட்டிலில் அண்ணியின் போர்வை நாலாக மடித்தபடி கிடந்தது. அண்ணி இல்லை. காலையிலிருந்து வரவில்லை என்று வரவேற்புப் பெண் இரண்டு கையையும் விரித்துச் சொன்னாள்.

பதினொன்றரைக்குக் கிளம்பியவள். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தாள். ஈரப் புடவை காலில் ஒட்டியது. இப்போது கணவனின் அழைப்பு பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த பயணம் என்று ஒன்று இல்லாவிட்டால் போகட்டும். ஆறு மணிக்குப் போன் வரும். அதுவரை பார்ப்பாள். வந்ததும் உள்ளதை அப்படியே சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போவாள். உள்ளதை என்றால், தட்டினதை. தட்டினதை என்றால், பார்த்துவிட்டுத் தட்டினதை. ஆனால் அவனிடம் சொல்லுவது சுலபம் என்று உடனே தோன்றியது. அவன் கத்துவான், அழுவான், மன்னித்துவிடுவான். சொல்ல வேண்டியது அவனிடம் இல்லையே. அண்ணி கிடைத்தால், அண்ணியிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு, பிறகு, சமயம் பார்த்து என்று தள்ளினால் பழக்க தோஷம் என்ற கதையே நிலைத்துவிடும். அவளே நம்ப ஆரம்பித்துவிடுவாள். கிடைத்த உடனேயே சொல்லிவிட வேண்டும்.

ஐந்து ஐம்பத்தைந்துக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்தது.

அண்ணியின் புடவை முழங்கால்வரை சேறு. கையில் ஒரே ஒரு பாட்டில், அதுவும் காலி. நெற்றியில் பொட்டு இல்லை. படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து இரண்டு படி கீழேயே நின்றாள்.

"எப்ப வந்தே?"

"அஞ்சு பத்துக்கு."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"நானும் இல்ல. சீட்டு பாத்தியா?"

"பாத்தேன்."

"மூணு பொட்டு செலவு," என்றபடி அண்ணி அவளைத் தாண்டி ஏறி, அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி மேலே வைத்தாள். குதிகால் வெளுத்து ஊறிப்போயிருந்தது. கண்டக்டர் பின்னாலேயே போய், எதிர்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியில் எடுத்த முடிவு அறைக்குள் வந்ததும் சற்றே சிறுத்துப்போயிருந்தது.

"அண்ணி, அது வந்து... அந்த வண்டி..."

"பழக்கம். விடு. பத்தொம்பது வருஷம் தட்டின கை." அண்ணி விரல்களுக்கு நடுவில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தப்பிக்கிற கதவை அண்ணியே திறந்து விட்டிருந்தாள். வெளியே போய்விடலாம். எதுவும் மிச்சமில்லாமல் முடிந்துவிடும். இருபது வருடமாக எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது, ஒருவர் விடு என்பார், மற்றவர் விட்டுவிடுவார், விட்டதெல்லாம் வீட்டின் மூலைகளில் சேர்ந்துகொண்டே போகும். கண்டக்டர் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"பழக்கம் இல்ல அண்ணி. நீங்க வர்றதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் தட்டினேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அதே நேரம் போன் அடித்தது. ஆறு மணி. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அண்ணி கையை நீட்டினாள். கண்டக்டர் கொடுத்தாள். என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளட்டும்.

"ம். நல்லா இருக்கோம். ம். சாப்பாடுதான். இல்லடா, இப்ப முடியாது. இங்க முக்கியமா ஒண்ணு பேசிட்டிருக்கோம். நாளைக்குக் கூப்பிடு. இல்ல, அவகிட்டயும் இப்ப குடுக்க முடியாது. வைடா."

வைத்துவிட்டாள். தம்பியின் பேச்சைப் பாதியில் அறுத்து அண்ணி போனை வைத்துக் கண்டக்டர் பார்த்ததே இல்லை. மறுமுனையில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரம் இல்லை.

"எவ்வளவு தூரத்துல இருந்தேன்?" என்று அண்ணி கேட்டாள்.

"பத்தடி இருக்கும்."

"பன்னண்டு. நான் எண்ணிக்கிட்டேதான் வந்தேன்." அண்ணி பாட்டிலைத் தரையில் வைத்தாள். "வேணும்னுதான் மெதுவா வந்தேன். இன்னிக்கு மட்டும் இல்ல. வீட்டுலயும் நீ டியூட்டிக்குக் கிளம்பற நேரத்துலதான் எனக்கு ஏதாவது ஒண்ணு ஞாபகம் வரும். சாவி எங்க, சீட்டு எங்கன்னு. நீ செருப்ப மாட்டிட்டு நிப்ப. நிக்கிறியா பாப்போம்னு பாப்பேன். நின்னுருவ. அதுல ஒரு இது. எனக்காக ஒருத்தி நிக்கிறாங்கற திமிரு."

செருப்போடு வாசலில் நின்ற காலை நேரங்கள் கண்டக்டரின் கண்முன் வரிசையாக வந்து போயின. அதெல்லாம் மறதி என்றுதான் நினைத்திருந்தாள். வயசு, பாவம் என்றுகூட நினைத்திருக்கிறாள்.

"கோவம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. இல்லாம எப்படி? அங்க நிக்கிறப்ப காலு ரெண்டும் தந்தி அடிச்சுது. ஒருத்தன் பாஷை புரியல. அழுதுருவேனோன்னு இருந்துச்சு. அதான் உக்காந்து சீட்டு எழுதினேன். எழுதினா எனக்கு நிதானம் வந்துரும்." அண்ணி அடுத்த காலைத் துடைக்க ஆரம்பித்தாள். "கோவம் தீரறதுக்கு நாளாகும். நீ அவசரப்படுத்தாத."

"சரி."

"நீ பாத்துட்டுத் தட்டினத நீயாவே சொன்னியே, அது நல்லது. சொல்லலன்னா நான் செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஆனா மறந்திருக்கவும் மாட்டேன்."

பிறகு, ரொட்டியை எடுக்கச் சொன்னாள். கண்டக்டர் மேல்கட்டிலில் இருந்த பையைத் திறந்து, இரண்டு துண்டும் வாழைப்பழமும் எடுத்துக் கொடுத்தாள். தின்றுகொண்டே அண்ணி பகலைச் சொன்னாள். பதினொன்றரைக்கு நேராக அறைக்கு வரத்தான் ஏறினாள். மாற வேண்டிய இடத்தில் மாறத் தெரியாமல் வேறு எங்கோ இறங்கிவிட்டாள். பயத்தோடு நடந்தாள். ஒரு தெரு வந்தது. அந்தத் தெரு முழுக்கக் கதவு விற்கிற கடைகள். கதவு மட்டும். ஜன்னல்கூட இல்லை. இடித்த வீடுகளில் கழற்றிய பழைய கதவுகள், வண்ணம் உரிந்ததும் உரியாததுமாக, ரோட்டோரம் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். சிலதில் வீட்டு எண் அப்படியே இருந்தது.

"வீட்டு நம்பர் மட்டும் இருக்கு. வீடு இல்ல. முப்பத்து நாலு வருஷம் நம்பர் பாத்தே வேலை செஞ்சவ நான். எந்த நம்பர் எந்த வீட்டோடதுன்னு பாத்துக்கிட்டே போனேன். மழை வந்துச்சு. கடைக்காரி ஒருத்தி உள்ள உக்காரச் சொன்னா. உக்காந்தேன். பயம் எப்ப போச்சுன்னு தெரியல. மணி பாத்தா நாலு. எழுந்து வரவே மனசில்ல. இங்க நீ தேடுவேன்னு ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் உக்காந்திருந்தேன்."

கடைசி வாக்கியத்தை அவள் கண்டக்டரை நேராகப் பார்த்துச் சொன்னாள். பதிலுக்குப் பதில் என்கிற தொனி அதில் இல்லை. நீ சொன்னதுபோல நானும் சொல்லிவிடுகிறேன் என்கிற மாதிரி இருந்தது. கண்டக்டர் தலையை ஆட்டினாள். படிக்கட்டில் உட்கார்ந்து செத்துப் பிழைத்த முக்கால் மணி நேரத்துக்கு அவளுக்கும் கொஞ்சம் கோபம் வந்தது. அதையும் வைத்துக்கொண்டாள். அதற்கும் நாளாகும்.

"நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம்," என்றாள் அண்ணி. "நான் தனியா போறேன்."

"எங்க?"

"தெரியாது. போனாத்தானே தெரியும்? நீயும் உன் பஸ்ஸுல ஏறி எங்க வேணா போ. சாயங்காலம் இங்க வந்துரலாம்."

ஐயோ, வேண்டாம், பாஷை தெரியாது, வயசாகுது, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்று வரிசையாக வார்த்தைகள் நாக்குவரை வந்துவிட்டன. வந்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று கேட்டது. மூன்று நாள் உப்பு சரியில்லை என்று சொன்ன அதே குரல். கண்டக்டர் அதை அப்படியே விழுங்கினாள். காசுப் பையைத் திறந்து இருந்ததைக் கட்டிலில் கொட்டி இரண்டாகப் பிரித்தாள். விமானநிலையத்துக்குப் போக வேண்டியதை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

"போன நீங்க வச்சுக்குங்க," என்றாள்.

"எனக்கு எதுக்கு? நான் வந்துருவேன். உன்னைத்தான் நம்ப முடியாது. உனக்கு பஸ் நம்பரத் தவிர என்ன தெரியும்? இந்த விடுதி இருக்கிற தெரு பேரு என்ன, சொல்லு?"

கண்டக்டர் யோசித்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி இடது பக்கம், பிறகு வலது. பெயர் தெரியவில்லை.

அண்ணி இடுப்பிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தாள். வந்து இறங்கிய அன்றே தெருமுனைப் பலகையைப் பார்த்து, அந்த ஊர் எழுத்தை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருந்தாள். சுழியும் கொம்புமாக ஒரு வரி, அதற்குக் கீழே கட்டட எண். இன்று வழியெல்லாம் அதைக் காட்டிக் காட்டித்தான் வந்து சேர்ந்திருக்கிறாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினாள்.

"எழுது. பாத்து அப்படியே எழுது."

"நீங்களே எழுதிக் குடுங்களேன் அண்ணி."

"நான் எழுதினா உன் பையில கிடக்கும். நீ எழுதினாத்தான் மனசுல நிக்கும்."

கண்டக்டர் தரையில் உட்கார்ந்து, கட்டிலைப் பலகையாக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். டிக்கெட் கிழித்துப் பழகிய கைக்கு அந்தச் சுழிகள் பிடிபடவில்லை. முதுகுப்பைப் பெண்களில் இருவர் உள்ளே வந்து, ஒருவர் எழுதுவதையும் ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதையும் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் தங்கள் கட்டிலுக்கு ஏறினார்கள்.

"அந்தக் கொம்பு மேல போகணும். இப்படி எழுதினா வேற தெருவுக்குப் போயிருவ."

அவள் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"மெதுவா," என்றாள் அண்ணி. "மறுபடியும் முதல்லேர்ந்து எழுது."